இடிக்காத வண்டி

ரொம்ப நன்றி சார். ஜன்னலோர சீட்டு கிடைச்சவங்க லேசுல எந்திரிக்க மாட்டாங்க. எனக்குக் காத்து வாங்கணும்னு ஆசை இல்ல. இந்த வலது தோள் பக்கம் ஆளு இருந்தா, பஸ்ஸு வளைவுல திரும்பும்போது மேல சாஞ்சுருவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா சாஞ்சா எனக்கு உயிர் போயிட்டு வரும். ஜன்னல் கம்பின்னா அது பாட்டுக்குப் பேசாம இருக்கும் பாருங்க.

இன்னொரு உதவியும் செஞ்சிருங்க. சட்டைப் பையில டிக்கெட்டுக்குக் காசு வச்சிருக்கேன், எடுத்துக் குடுங்க. எல்லாத் தையக்காரனும் சட்டைக்கு இடது பக்கம்தான் பை வைக்கிறான். வலது கை நல்லா இருக்கிற வரைக்கும் அது ஏன்னு நாம யோசிக்கிறதே இல்ல. கூச்சப்படாம எடுங்க சார். உங்களைப் பாத்த உடனே தெரிஞ்சு போச்சு, நம்பலாம்ங்கிற ஆளுன்னு. எனக்கு அது ஒண்ணு உண்டு. ஆளுகளை முகத்தைப் பாத்தே சொல்லிருவேன்.

நான் பரோட்டா மாஸ்டர். பால்ராசு மாஸ்டர்னா எங்க பக்கம் தெரியும். எண்ணெய்ப் பரோட்டா. விருதுநகர்ப் பக்கம் வந்திருந்தா நீங்களும் சாப்பிட்டிருப்பீங்க. கல்லு எப்பவும் கடை வாசல்லதான் கிடக்கும், ரோட்டைப் பாத்து. மாவு வீசுறவனுக்குக் கைக்குத்தான் வேலை, கண்ணு சும்மாதான இருக்கும்? போறவன் வர்றவனைப் பாத்துக்கிட்டே நிப்பேன். இவன் உள்ள வருவான், இவன் வாசனை பிடிச்சுட்டுப் போயிருவான், இவன் சும்மா சும்மா சால்னா கேப்பான், இவன் கையக் கழுவிட்டுக் கல்லாப் பக்கம் போகாமயே நழுவிருவான். முதலாளியே என்கிட்டக் கேப்பாரு, மாஸ்டர், அந்த மூணாவது டேபிள் எப்படின்னு. ஒரு நாளும் தப்புனதில்ல சார். ஒரு நாளும்.

இப்ப அந்தக் கல்லுல வேற ஒருத்தன் நிக்கிறான். நான் உள்ள உக்காந்து இடது கையால வெங்காயம் உரிக்கிறேன். உரிக்கத்தான் முடியும், நறுக்க முடியாது. முதலாளி பாவம் பாத்துக் குடுத்த வேலை.

எப்படி ஆச்சுன்னுதான கேக்குறீங்க? சொல்றேன். இறங்க இன்னும் நேரம் இருக்குல்ல உங்களுக்கு?

பரோட்டாவுக்கு மத்தியானமே மாவு பிசைஞ்சு ஊறப் போடணும். அதனால ஊரு சாப்பிட்டுட்டுப் படுக்கிற நேரத்துல நான் வேலைக்குக் கிளம்புவேன். சைக்கிள்தான். அன்னைக்கும் நல்ல வெயிலு, பைபாஸ் ரோட்டுல ஈ காக்கா இல்ல. பின்னாடி இருந்து வந்து ஒரு வண்டி இடிச்சுருச்சு. என்ன வண்டி, என்ன கலரு, ஒண்ணும் தெரியாது. ஒரு சத்தம் மட்டும்தான் ஞாபகம். டமடமடமன்னு, காலி டின்னையெல்லாம் மொத்தமா உருட்டி விட்ட மாதிரி. மண்டை ரோட்டுல அடிச்சா உள்ள அப்படித்தான் கேக்கும்னு எங்க முதலாளி சொன்னாரு. சரியாத்தான் இருக்கும்.

கண்ணு முழிச்சா ஆட்டோவுக்குள்ள இருக்கேன். யாரோ ஒருத்தன் மடியில என் தலை. ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணேன்னு சொல்லிக்கிட்டே வர்றான். அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்குது. அடிபட்டவன் நான், நடுங்குறவன் அவன். அப்பவே அந்த முகத்தைப் பாத்தேன் சார். பாத்த உடனே மனசுல விழுந்துருச்சு, இவன் நல்லவன்னு.

அவன் பேரு சோலையப்பன். அதுக்கு முன்னால நான் அவனைப் பாத்ததே இல்ல. கடை கடையா தண்ணி கேன் போடுறவன், சொந்தமா ஒரு குட்டியானை லோடு வண்டி வச்சிருக்கான். கேனெல்லாம் இறக்கிட்டுத் திரும்புற வழியில நான் கிடக்கிறதைப் பாத்திருக்கான். சொந்த வண்டி இருக்கு, அதுல தூக்கிப் போட்டு வந்திருக்கலாம்ல? வரல. வண்டியை எங்கயோ ஓரங்கட்டிட்டு, கைக்காசு போட்டு ஆட்டோ பிடிச்சு வந்திருக்கான். கேன் வண்டின்னா குலுங்கும், எலும்பு உடைஞ்சவன் தாங்க மாட்டான்னுதான? அந்த நேரத்துல யாருக்கு சார் அப்படி யோசனை வரும்?

இடிச்ச பாவி போட்டுட்டு ஓடிட்டான். யாருன்னே தெரியாத ஒருத்தன் மடியில தூக்கிப் போட்டுக்கிட்டான். உலகத்துல ரெண்டு விதமான ஆளுக இருக்காங்கன்னு அன்னைக்குத்தான் சார் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில தோளுக்குப் பிளேட்டு வச்சாங்க. முதலாளி ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோட வந்தாரு. என் கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு, ஒருத்தன் போன் பண்ணான், இன்னொருத்தன் அதுவும் பண்ணல. சோலை மட்டும் தவறாம காலையில வந்துருவான். கேன் போடப் போறதுக்கு முன்னாடி, தூக்குல இட்லி வாங்கிட்டு வந்து, உக்காந்து பிச்சு ஊட்டி விட்டுட்டுப் போவான். வார்டுல எல்லாரும் அவனை என் தம்பின்னே நெனச்சாங்க. நானும் இல்லேன்னு சொல்லல.

அவன் புத்தியும் அப்படி. ஒரு நாள் ஊட்டிக்கிட்டே கேக்குறான், அந்த நாய் குறுக்க வந்ததாலதான மாஸ்டர் நீங்க சைக்கிளை வலது பக்கம் ஒடிச்சீங்கன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆமா, ஒரு நாய் வந்துச்சு. நானே மறந்துட்டேன், யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. எப்படிப்பா கண்டுபிடிச்சேன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ரோட்டுல சைக்கிள் டயரு இழுத்த தடம் கிடந்திருக்கும், அதைப் பாத்துக் கணக்குப் போட்டிருக்கான். போலீஸ்ல கூட அப்படி ஆளு கிடையாது சார்.

என் வீட்டுக்காரி முனீஸ்வரிக்கு மட்டும் அவனைப் பிடிக்கல. பொம்பளைக மனசு அப்படித்தான், எதையும் நேரா எடுத்துக்காது. "இந்த ஆளு ஏங்க உங்களையே சுத்திச் சுத்தி வர்றான்? நமக்கு என்ன உறவு?"ன்னு கேக்குறா. "மனுசனுக்கு மனுசன் செய்றதுடி"ன்னேன். "மனுசன் ஒரு நாளு செய்வான், ரெண்டு நாளு செய்வான். தினமும் வந்து அழுவானா?"ங்கிறா. அழுகை வந்தாக் கூடக் குத்தம். ஊருக்கெல்லாம் தண்ணி போடுறவன் சார் அவன். எங்க வீட்டுக்கு வந்தா ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டா.

பிளேட்டு வச்சாங்க, எலும்பு கூடிருச்சு. ஆனா கை தூக்க வரல. டாக்டரு பாத்துட்டு, நரம்பு மாட்டிக்கிட்டு இருக்கு, மதுரையில பிரைவேட் ஆஸ்பத்திரியில ஒரு ஆபரேசன் பண்ணணும்னாரு. "பண்ணா பரோட்டா வீசலாமா டாக்டர்?"னு கேட்டேன். சிரிச்சாரு. "வீசலாம். ஆனா நாள் கடத்துனா நரம்பு செத்துரும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது"ன்னாரு. அந்த ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டுட்டு முனீஸ்வரி அங்கயே தரையில உக்காந்துட்டா.

அப்பத்தான் வக்கீல் குமாஸ்தா நாகலிங்கம் வந்தாரு. ஆக்சிடென்ட் கேஸுன்னா வக்கீல் வீட்டைத் தேடி நாம போக வேண்டாம் சார், கட்டுலுக்கே ஆள் வந்துரும். கட்டுப் போட்டவன் எவன்னு பாத்து, தலைமாட்டுல வந்து உக்காந்து, "இடிச்சது என்ன வண்டி?"ன்னு கேப்பாங்க. தெரியாதுன்னேன். நாக்கைச் சப்புக் கொட்டுனாரு. "இடிச்சுட்டு ஓடுன வண்டின்னா கவர்மெண்ட்டுல ஏதோ கொஞ்சம் குடுப்பாங்க, அதை வச்சு உன் கைக்குத் தைலம்தான் வாங்கலாம். ஆபரேசனுக்குக் காசு வரணும்னா இன்சூரன்ஸ் கம்பெனி தரணும். அவன் தரணும்னா ஒரு வண்டி வேணும். ஒரு வண்டி போடுவோமா?"ன்னாரு.

வண்டி போடுறதுன்னா உங்களுக்குத் தெரியாதுல்ல? எனக்கும் அன்னைக்கு வரைக்கும் தெரியாது. இன்சூரன்ஸ் நடப்புல இருக்கிற வண்டியா ஒண்ணு பாத்து, நாந்தான் இடிச்சேன்னு அந்த வண்டிக்காரனை ஸ்டேஷன்ல போயி ஒத்துக்கச் சொல்றது. அவன் அபராதத்தைக் கட்டிட்டுப் போயிருவான், கம்பெனி நமக்கு நஷ்ட ஈடு குடுத்துரும். வழக்கமா நடக்கிறதுதான்னாரு நாகலிங்கம். கல்யாணத்துக்குப் பந்தல் போடுற மாதிரி சொல்றாரு சார், வண்டி போடுறதை.

எவன் ஒத்துக்குவான், செய்யாத குத்தத்தை? என் தம்பிகிட்ட பைக்கு இருக்கு, கேட்டுப் பாத்தேன். போனை வச்சுட்டான். முதலாளிகிட்ட வேன் இருக்கு. "மாஸ்டர், என்னை ஏன் இதுல இழுக்குறீங்க?"ன்னுட்டாரு. சோலை கட்டுல் கால்மாட்டுல தூக்கு மூடியைக் கையில வச்சுக்கிட்டு நின்னான். திடீர்னு சொல்றான்:

"என் வண்டியைப் போடுங்க. நாந்தான் இடிச்சேன்னு சொல்றேன்."

நாகலிங்கமே எந்திரிச்சு நின்னுட்டாரு. "தம்பி, லைசென்ஸுல கை வைப்பாங்க, யோசிச்சுக்க"ன்னாரு. "யோசிச்சுட்டேன் சார், ராத்திரி பகலா அதையேதான் யோசிக்கிறேன்"னான் சோலை. எனக்கு அழுகை வந்துருச்சு. கும்பிடலாம்னு பாத்தா ஒரு கைதான் மேல வருது. சாமியைக் கூட நான் இப்ப ஒரு கையாலதான் சார் கும்பிடுறேன்.

ஸ்டேஷன்ல வண்டியைக் கொண்டு போயி நிறுத்துனான். ஏட்டையா சுத்திப் பாத்துட்டு நாகலிங்கத்தைத் தட்டிக் குடுத்தாரு. "பரவாயில்லையே, முன்னாடி இடது லைட்டை உடைச்சு, பம்பரை நெளிச்சு, சைக்கிள் பெயிண்டு வரைக்கும் ஒட்டி வச்சிருக்கீங்களேய்யா! இப்படி ஒரு செட்டப்பை நான் பாத்ததே இல்ல"ன்னாரு. நாகலிங்கம் முழிச்சாரு, அவரு ஒண்ணும் பண்ணல. சோலையாத்தான் முன்கூட்டியே எல்லாம் செஞ்சு வச்சிருக்கான். என் பச்சை சைக்கிள் பெயிண்டை எங்க போயித் தேடுனானோ! ஒரு வேலையைச் செஞ்சா அப்படிச் செய்யணும் சார். பரோட்டாவும் அப்படித்தான்.

அந்தக் கேஸு சின்னக் கோர்ட்டுல சீக்கிரமே முடிஞ்சுருச்சு. ஜட்ஜு கேட்டாரு, ஆமான்னான், அபராதம் போட்டாரு, கட்டிட்டான். அவன் முகத்துல அன்னைக்கு ஒரு தெளிவு. "இப்பத்தான் மாஸ்டர் எனக்குத் தூக்கம் வரும்"னான். அபராதம் கட்டிட்டுச் சந்தோசப்படுறவனை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன்.

அப்புறம் என் கேஸு. நஷ்ட ஈட்டுக் கேஸு, பெரிய கோர்ட்டுல. அது வாய்தா வாய்தாவாப் போச்சு. ஒரு நாளு வக்கீலு வரல, ஒரு நாளு ஜட்ஜு லீவு, ஒரு நாளு கம்பெனிக்காரன் டைம் கேட்டான். இந்தப் பக்கம் என் விரலு ஒவ்வொண்ணா மரத்துக்கிட்டே வருது. கடைசியில என்னைக் கூண்டுல ஏத்துனாங்க.

கம்பெனி வக்கீலு ஒரு சின்ன வயசு அம்மா. மரியாதையாத்தான் பேசுச்சு. நாகலிங்கம் எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தது ஒண்ணே ஒண்ணுதான். எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லு, ஆமாவுக்கு மேல ஒரு எழுத்து பேசாதன்னு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

"சோலையப்பன்தான் உங்களை இடிச்சாரா?"

"ஆமாங்கம்மா."

"இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டாரு?"

"ஆமாங்கம்மா."

"நடு ரோட்டுல ரத்தத்துல கிடந்தீங்க, உயிரு இருக்கா இல்லையான்னு கூடத் திரும்பிப் பாக்கல?"

பின்னாடி பெஞ்சுல சோலை உக்காந்திருக்கான். அவனைப் பாத்தேன். தலை தொங்கிப் போயிருக்கு. நான் அதுக்கும் ஆமான்னுட்டேன்.

"அப்போ இவரு ஈவு இரக்கமே இல்லாத ஆளு. அடிபட்டவனை நாய் மாதிரி விட்டுட்டு ஓடுறவரு. அப்படிப்பட்டவரா தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களுக்கு இட்லி ஊட்டுனாரு? ரெண்டுல எது நிஜம்?"

என்ன சார் செய்வேன்? அவன் முகத்தைப் பாக்குறேன், கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது. எனக்காக எல்லாத்தையும் சுமந்தவன். அவனை நாலு பேரு முன்னாடி இரக்கமில்லாதவன், ஓடிப் போனவன்னு பேசுறாங்க, நான் கூண்டுல நின்னு ஆமா போட்டுக்கிட்டு இருக்கேன். நான் கோவக்காரன் சார். எல்லாத்தையும் தாங்குவேன், நல்லவனைத் தப்பாப் பேசுனா மட்டும் தாங்க மாட்டேன். "அம்மா, நிறுத்துங்க. அவனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அவன் இடிக்கவே இல்ல. இடிச்சவன் எவனோ. இவன் எனக்காக ஒத்துக்கிட்ட தெய்வம்"னு கத்திட்டேன்.

நாகலிங்கம் நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. ஜட்ஜு கண்ணாடியைக் கழட்டிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த வண்டி உங்களை இடிச்சுதா, இல்லையா?"ன்னாரு. "இல்லைங்கய்யா"ன்னேன்.

அந்த நேரத்துலயும் சோலை விடல சார். பின்னாடி எந்திரிச்சு நின்னு, "ஐயா, நாந்தான்யா இடிச்சேன், சத்தியமா நாந்தான்யா"ன்னு கத்துறான். கோர்ட்டு டவாலி வந்து தோளைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு. கேஸைக் காப்பாத்துறதுக்கு எவ்வளவு தூரம் வர்றான் பாருங்க. கேஸு தள்ளுபடி. பொய்க் கேஸுன்னு திட்டு வேற.

வெளிய வேப்பமரத்தடியில என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறான். "ஏன் மாஸ்டர் இப்படிச் செஞ்சீங்க? நாந்தான் மாஸ்டர் இடிச்சேன். கேன் அடுக்குனது சரிஞ்சுச்சு, திரும்பிப் பாத்தேன், அதுக்குள்ள நாய் வந்து நீங்க ஒடிச்சுட்டீங்க. பயந்து அந்த வளைவு வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டேன். அதுக்கு மேல காலு ஓடல. வண்டியை முள்ளுக்குள்ள விட்டுட்டு ஆட்டோ பிடிச்சுத் திரும்பி வந்தேன். ஜெயிலுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டேன். இந்த வழியிலயாவது உங்க கைக்குக் காசு வரட்டும்னு நெனச்சேனே"ங்கிறான்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சிரிச்சேன். நாகலிங்கம் அவ்வளவு எரிச்சலுலயும் சிரிச்சாரு. "யோவ், கேஸு முடிஞ்சு போச்சுய்யா, இன்னும் எதுக்கு வசனம் பேசுற?"ன்னாரு. நான் அவனைத் தூக்கி நிறுத்தி, "விடுப்பா சோலை, என் தலையெழுத்துக்கு நீ என்ன செய்வ?"ன்னு முதுகைத் தடவிக் குடுத்தேன். அவன் என்னையே பாத்தான். எதையோ தொலைச்சுட்டுப் பாக்குற மாதிரி பாத்தான் சார். அந்தப் பார்வை மட்டும் எனக்கு என்னன்னு பிடிபடல.

இன்னைக்கு எங்க போயிட்டு வர்றேன்னா, அந்தக் கவர்மெண்ட்டுக் காசுக்குத்தான். இடிச்சவன் யாருன்னு தெரியலைன்னா குடுப்பாங்களாம்ல. சரி, தைலம் வாங்குனாலும் பரவாயில்லைன்னு போனேன். காலையில இருந்து உக்கார வச்சுட்டு, கிளார்க்கு சொல்றாரு, "சின்னக் கோர்ட்டுல சோலையப்பன் ஒத்துக்கிட்டு அபராதம் கட்டியிருக்காரே. அப்ப இடிச்ச வண்டி தெரிஞ்ச வண்டி. தெரியாத வண்டிக்குத்தான் இங்க காசு"ன்னு. "ஐயா, அந்த வண்டி இல்லைன்னு பெரிய கோர்ட்டு சொல்லிருச்சே"ன்னேன். "அப்ப பெரிய கோர்ட்டுல போயிக் கேளுங்க"ன்னாரு. அங்க கேட்டா அந்த வண்டி இடிக்கல. இங்க கேட்டா அந்த வண்டிதான் இடிச்சுது. என்னைத்தான் சார் எந்த வண்டியும் இடிக்கல. கை மட்டும் தானா உடைஞ்சுருச்சு போல.

கோவம் கூட வரல சார் இப்பல்லாம். கோவப்பட்டா மேசையில ஓங்கிக் குத்துவோம்ல, அந்தக் கைதான் இது.

இன்னும் ஒரு வழி இருக்கு. அதான் இந்தப் பையில இருக்கிற பேப்பரு. மதுரையில மேல் கோர்ட்டுல அப்பீல் போடலாமாம். நான் கூண்டுல குழம்பிப் போயிச் சொன்னேன், சோலைதான் இடிச்சான்னு ஒரு கையெழுத்துப் போடணும். இந்த வெள்ளிக்கிழமை கடைசி. சோலையே ஒரு புது வக்கீலைப் பிடிச்சு, வண்டியோட ஆர்.சி. புக்கை அடகு வச்சுக் காசு கட்டி, எழுதி வாங்கிட்டு வந்திருக்கான். தினமும் வந்து கேக்குறான். "போடுங்க மாஸ்டர், ஆபரேசன் நாளு போயிரும்"ங்கிறான். முனீஸ்வரி அவன்கூடப் பேசாதவ, இந்த ஒரு விசயத்துல மட்டும் அவன் பக்கம். "அவன்தாங்க இடிச்சான். அவனே சொல்றான், வண்டி சொல்லுது, நாய் சொல்லுது. உங்களுக்கு மட்டும் ஏங்க ஏற மாட்டேங்குது?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா நேத்து.

நான் போட மாட்டேன் சார். ஒரு தடவை பொய் சொன்னதுக்கே இந்தக் கதி. மறுபடியும் பொய்ச் சத்தியமா?

என்ன சார், அப்படிப் பாக்குறீங்க? நீங்களும் அதையேதான் நினைக்கிறீங்களா? இல்ல, சொல்லாதீங்க. வேண்டாம்.

சரி, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரு பேச்சுக்கு, அவன்தான் இடிச்சான்னே வச்சுக்குவோம். அப்ப அந்த ஆட்டோவுல என் தலையை மடியில வச்சிருந்தது யாரு? அந்த இட்லியை எனக்கு ஊட்டுனது யாரு? கூடப் பொறந்தவன் வரல, நான் உழைச்ச கடைக்காரரு ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோட சரி. வீட்டுக்கு வெளிய எனக்குன்னு வந்தது அவன் ஒருத்தன்தான். அவனும் கணக்கைத் தீர்க்கத்தான் வந்தான்னா, எனக்காகன்னு யாருமே வரலைன்னு ஆயிருமே சார். கை போச்சு. போகட்டும். அதையும் எடுத்துட்டா என்கிட்ட என்ன மிஞ்சும்? அந்தக் கையெழுத்தைப் போட்டா எனக்கு ஆபரேசன் கிடைக்கும், சோலை போயிருவான். ரெண்டும் சேந்து இருக்கிற மாதிரி ஒரு பேப்பரு இருந்தாச் சொல்லுங்க, இடது கையாலயே போடுறேன்.

இல்ல, அவன் இடிக்கல. நான் முகத்தைப் பாத்திருக்கேன்.

அடுத்தது என் ஸ்டாப்புதான். கண்டக்டர்கிட்டக் கொஞ்சம் சொல்லுங்க, மெதுவா நிறுத்தட்டும். அந்தா, டீக்கடைக்கு முன்னாடி நிக்கிறான் பாருங்க, அவன்தான் சோலை. நான் வெளியூரு போனா, திரும்பி வர்ற பஸ்ஸுக்கு வந்து காத்துக்கிட்டு நிப்பான். பஸ்ஸைப் பாத்துட்டான், வண்டியில ஏறி இந்தப் பக்கம் கொண்டு வர்றான். பின்னாடி பூராவும் காலி கேனு. கேக்குதா சத்தம்? டமடமடமன்னு?

இந்தக் கையைப் பாருங்க சார். பாத்தீங்களா எப்படி நடுங்குதுன்னு? ஒரு உருண்டை மாவைத் தூக்க மாட்டேங்குது, இந்தச் சத்தம் கேட்டா மட்டும் தானா நடுங்கிக்கிட்டு நெஞ்சுல வந்து ஒட்டிக்கிது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். டாக்டர்கிட்டக் கேட்டேன், நரம்புன்னாரு.

நரம்புக்கு ஆளுகளைப் பத்தி என்ன சார் தெரியும்?

பையை இடது தோள்ல மாட்டி விடுங்க. பேப்பரு கசங்காமப் பாத்து.